நாற்காலிகள் மட்டும் வந்தால் போதுமாம்

1

என்னுடைய சாப்பாட்டு நாற்காலிகள் ஆறும் மந்தைவெளியில் இருக்கின்றன. நான் ஓடென்ஸில் இருக்கிறேன். டென்மார்க்கில் செய்த நாற்காலிகளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, டென்மார்க்கில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்றோடு எனக்கு விவாகரத்து ஆகி இரண்டு வருடம். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சின்ன கேக் வாங்கினேன். கடைக்காரப் பெண், "பிறந்தநாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மெழுகுவர்த்தி ஒன்றை இலவசமாகக் கொடுத்தாள். பாதி கேக்கைச் சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஜனவரியில் அண்ணன் வீட்டு விருந்தில் நான் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று சாந்தோமில் பாதிப் பேர் சொல்வதாகக் கேள்வி. மீதிப் பாதிக்கு விஷயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். யாரும் மன்னிக்க வேண்டாம்.

2

என் பெயர் எமல்டா. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் சேவியரும் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் பங்குக் கோவிலில் அவரைக் கேட்காமல் ஒரு திருவிழாக் கொடியும் ஏறாது. என்னை இருபத்து நான்கு வயதில் ராஜ் என்கிற மின் பொறியாளருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு டென்மார்க்.

அந்த முதல் குளிர்காலத்தில் மொழி வகுப்புக்குப் போனேன். டேனிஷில் நாற்காலிக்கு 'ஸ்டோல்' என்று பெயர். நம்புவது என்பதற்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். பின்னால் ஒரு சின்ன ஒட்டு வரும், அவ்வளவுதான். ஒருநாள் டீச்சர் நெஞ்சில் கைவைத்து, "நீங்கள் எல்லோரும் என்னை நம்பலாம்" என்றார். என் காதில் நாற்காலி மட்டும்தான் விழுந்தது. பாவம், நின்று நின்று கால் வலிக்கிறது போல என்று எழுந்துபோய், கடைசி வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவர் பின்னால் போட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நானும்தான்.

வீட்டுக்கு வந்து ராஜிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "எமல்டாவின் நாற்காலிக் கதை தெரியுமா?" என்று தொடங்குவார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, செவிடாகிப்போன தாத்தாக்களிடம் டேனிஷில் சண்டை போடுகிற அளவுக்கு நான் தேறிய பிறகும் அந்தக் கதை ஓயவில்லை.

எங்கள் மகன் அலெக்ஸ் பட்டம் வாங்கிய அன்று வீட்டில் விருந்து. இல்லத்தில் இருக்கும் ஒரு கிழவி என்னிடம் சொன்ன வேடிக்கையை நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ராஜ் குறுக்கிட்டார். "அவள் என்ன சொல்ல வருகிறாள் என்றால்..." என்று அந்தக் கதையை அவரே சொல்லி முடித்தார். தப்பாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அலெக்ஸும் சிரித்தான். என் வீட்டு மேசையில் நான் தொடங்கிய ஒரு பேச்சையும் நானே முடித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடித்தாரா, குடித்தாரா, வேறு பெண் உண்டா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இதுதான் காரணம். இது போதாது என்று நினைப்பவர்கள் இருபத்தெட்டு வருடம் முயன்று பார்க்கலாம்.

3

நாற்காலிகளுக்கு வருகிறேன்.

சனிக்கிழமைகளில், ஓடென்ஸில் எங்கள் கோவில் நடத்தும் பழைய சாமான் கடையில் சம்பளமில்லாமல் வேலை செய்வேன். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையைக் காலி செய்தபோது இரண்டு நாற்காலிகள் வந்தன. அறுபதுகளில் செய்தவை. முதுகுப் பலகை தேக்கு. உள்ளங்கையைக் குவித்தது மாதிரி ஒரு வளைவு. டேனிஷ்காரர்கள் 'டீக்' என்பது நம் தேக்கைத்தான் என்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. கால்கள் எஃகுக் குழாய், பளபளப்பு இல்லாத சாம்பல் நிறம். இருக்கை தடித்த தோல். உட்கார்ந்து உட்கார்ந்து பழுப்பு கறுத்து, ஓரத்தில் மட்டும் பழைய நிறம் தெரியும். கைப்பிடி கிடையாது. பார்க்க மெலிந்த உருவம். தூக்கினால்தான் கனம் தெரியும். உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும்.

அந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அதே மாதிரிக்காகக் காத்திருந்து, ஒன்று ஒன்றாக, சில வருடங்களில் ஆறு சேர்த்தேன். "குப்பை பொறுக்குகிறாள்" என்றார் ராஜ். தோலுக்கு எண்ணெய் தடவுகிற நாட்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

இங்கே விவாகரத்து மிகச் சுலபம். கணினியில் அவரவர் அடையாளத்தைக் கொடுத்து, சம்மதம் என்று பதிந்தால் முடிந்தது. ஏன் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பதில் தயாராக வைத்திருந்தேன்.

சாமான்களைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல். அந்த நாற்காலிகளுக்கு இப்போது மவுசு அதிகம் என்று ராஜின் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆளுக்கு மூணு" என்றார்.

"மேசை உங்களுக்கு. கார் உங்களுக்கு. நாற்காலி ஆறும் எனக்கு."

"மேசை இல்லாம நாற்காலியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"உக்காருவேன்" என்றேன்.

4

இனி வருடத்தில் பனிக்காலம் முழுவதும் சென்னையில் இருப்பது என்று முடிவு செய்தேன். அண்ணன் சந்தோஷப்பட்டார். "பின்பக்க ரூம் காலியாத்தான் இருக்கு. வந்து இரு. யாராவது கேட்டா லீவுல வந்திருக்கேன்னு சொல்லிக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே தனி வீடு தேடினேன்.

வீட்டுத் தரகர் கோபாலபுரத்திலும் தேனாம்பேட்டையிலும் மூன்று நான்கு வீடுகள் காட்டினார். ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி.

"இன்னா மேடம், சார் எப்ப வர்றாரு?"

"சார் இல்லை. நான் மட்டும்தான்."

"அப்டி சொன்னா ஓனருங்க யோசிப்பாங்க மேடம். சார் ஃபாரின்ல கீறாருன்னு சொல்லட்டா?"

"அவர் ஃபாரின்லதான் இருக்கார். ஆனா எனக்கு சார் இல்லை."

மனிதர் தலையைச் சொறிந்தார். கடைசியில் மந்தைவெளியில் ஒரு வீட்டுக்காரர், நான் மீன் சமைப்பேன் என்பதையும் சேர்த்து ஒத்துக்கொண்டார்.

நாற்காலிகள் கப்பலில் வந்தன. துறைமுகத்தில் ஒரு அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, "பழசாம்மா? பழைய சேரையா இவ்வளவு தூரம் கொண்டு வந்தீங்க?" என்றார். மரத்துக்குப் பூச்சி மருந்து அடித்த சான்று இருக்கிறதா, தோல் எந்த மிருகத்துத் தோல், எத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். என்னை உட்காரச் சொல்ல அங்கே ஒரு நாற்காலி இல்லை. என்னுடைய ஆறும் பெட்டிக்குள் இருந்தன.

அலெக்ஸ் தொலைபேசியில் கோபித்துக்கொண்டான். அவன் தமிழ் பாதி வழியில் டேனிஷுக்குத் தாவிவிடும். "அம்மா, அங்க எல்லாம் கேக்குறாங்க. உன்னை அழ வைக்கிறாங்க. இங்க இரு. இங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"அதுதான்டா அங்க எனக்குப் பிடிக்காதது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடுகிறான். என்னோடு புதன்கிழமைகளில் பேசுகிறான். இருவரில் யார் பக்கமும் நிற்காமல் நடுவில் நிற்பதாக அவனுக்கு நினைப்பு. நிற்கட்டும்.

5

லில்லி அண்ணி என் வீட்டுக்கு வந்து நாற்காலிகளைப் பார்த்து மயங்கிப்போனார். தடவித் தடவிப் பார்த்தார். அண்ணன் மகள் ஷெரினுக்கு அப்போதுதான் வரன் கூடியிருந்தது. கொட்டிவாக்கத்துக் குடும்பம், பையனின் அம்மா செலின் டீச்சர், தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஒரு வாரம் கழித்து அண்ணி போன் செய்தார்.

"எமல்டா, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிச்சயம் பேச வர்றாங்க. எங்க வீட்டு சேரெல்லாம் உனக்குத் தெரியுமே, பிளாஸ்டிக். உன் சேர் ஆறையும் ஒரு நாளைக்குக் குடுப்பியா?"

"தாராளமா அண்ணி. நான் எத்தனை மணிக்கு வரணும்?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "நீ எதுக்கும்மா அலையுற? ஆளை அனுப்பறோம். சேர் மட்டும் வந்தா போதும்" என்றார்.

"அண்ணன் சொன்னாரா?"

"அவர் அப்படிச் சொல்லல. நீயே புரிஞ்சுப்பேன்னார்."

புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே ஒரு குட்டியானை வண்டி பிடித்தேன். டிரைவர் முதல் நாற்காலியைத் தூக்கியதும், "இன்னாம்மா, பாக்க ஒல்லியா கீது, கனம் பேய் கனம் கனக்குது?" என்றார். ஆறையும் போர்வை சுற்றி ஏற்றினோம். முன்னால் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். நல்ல பட்டுப்புடவை, நீலம்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். நான் இறங்குவதைப் பார்த்து முகம் சுருங்கிப்போனது.

"நீயும் வந்துட்டியா?"

"இந்த நாற்காலிங்களைத் தனியா அனுப்பிப் பழக்கமில்லைண்ணா."

டிரைவர் முன்னால் சத்தம் போட வேண்டாம் என்று நினைத்திருப்பார். "சரி. உள்ள அண்ணிக்கு ஒத்தாசையா இரு" என்றார்.

இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. வஞ்சிரம் பொரித்தேன், வெங்காயம் நறுக்கினேன். அண்ணிக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சம். ஷெரின் மட்டும் வந்து கட்டிப்பிடித்து, "அத்தை, புடவை சூப்பர்" என்றுவிட்டுப் போனாள்.

அவர்கள் வந்தார்கள், பேசினார்கள், எல்லாம் திருப்தி. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நான் மீன் குழம்புப் பாத்திரத்தோடு வெளியே வந்தபோது என் நாற்காலிகள் ஆறும் நிறைந்திருந்தன. மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, செலின் டீச்சர், பெரியப்பா ஒருவர், பங்கு ஃபாதர், ஆறாவதில் அண்ணன். அண்ணியும் ஷெரினும் நானும் நின்றுகொண்டு பரிமாறினோம்.

செலின் டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவங்க?"

"என் தங்கச்சி" என்றார் அண்ணன். "டென்மார்க்ல இருக்கா. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல. கல்யாணத்துக்கு ரெண்டு பேருமா வருவாங்க."

சாதாரணமாகச் சொன்னார். உப்பு எடுத்துக்கொடு என்பது மாதிரி. எனக்கு ஓடென்ஸ் வீட்டு மேசை ஞாபகம் வந்தது. அங்கேயும் என் கதையை வேறொருவர் சொன்னார். இங்கேயும் வேறொருவர் சொல்கிறார். அதுவும் என்னுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

குழம்புப் பாத்திரத்தை மேசையில் வைத்தேன்.

"இல்லை டீச்சர். எனக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சு. கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் வருவேன்."

அண்ணன், "எமல்டா, உள்ள போ" என்றார். குரல் உயரவில்லை. சின்ன வயதில் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தால் பேசுகிற அதே குரல்.

"அண்ணா, கொஞ்சம் எந்திரி. அது என் நாற்காலி."

அவர் எழுந்துவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். விருந்தாளிகள் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்திருப்பார். நான் உட்கார்ந்தேன். அண்ணியைப் பார்த்து, "எனக்கும் ஒரு தட்டு வைங்க அண்ணி" என்றேன். சோற்றைப் பிசைந்தேன். ஃபாதர் தொண்டையைச் செருமிவிட்டு, "மீன் நல்லா வெந்திருக்கு" என்றார்.

6

அதற்குப் பிறகு கொட்டிவாக்கத்திலிருந்து போன் வரவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஒரு சேருக்காக என் பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டியே."

"சேருக்காக இல்லைண்ணா. நீ பொய் சொன்ன. அதுக்காக."

"உன் மானத்தைக் காப்பாத்தத்தான் சொன்னேன்!"

"என் மானம் நல்லாத்தான் இருக்கு. நீ உன்னுதைத்தான் காப்பாத்தின."

போய்விட்டார். அது எனக்கு வலிக்கவில்லை. வலித்தது ஷெரின் அனுப்பிய குரல் செய்திதான். "அத்தை, நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அது என்னோட நாள். உங்க சண்டையைப் போட உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா?" அழுதிருந்தாள். வேறு நாளில் என் நாற்காலிகளைக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. நவம்பர் மழையில் நாற்காலித் தோலில் பூத்த பூஞ்சை அங்கங்கே மிச்சமிருந்தது. துணியை எண்ணெயில் நனைத்து ஆறையும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. செலின் டீச்சர். தனியாக வந்திருந்தார். முகவரியை ஷெரினிடம் வாங்கினாராம். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். எதற்காகப் பிரிந்தீர்கள் என்று நேராகக் கேட்டார்.

சொன்னேன். வகுப்பறை நாற்காலிக் கதையிலிருந்து பட்டமளிப்பு விருந்துவரை. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்கக் கேட்டார்.

"எனக்கு இது பிடிக்கல" என்றார் கடைசியில். "இந்த அளவுக்கு எல்லா வீட்டுலயும் நடக்கும். எங்க வீட்டுல ஒருத்தி இதுக்காகப் பிரிஞ்சு வந்திருந்தா, திருப்பி அனுப்பியிருப்பேன்."

"நான் போயிருக்க மாட்டேன் டீச்சர்."

"தெரியுது. நாங்க யோசிச்சது உங்களைப் பத்தி இல்ல. உங்க அண்ணன் ஃபாதரை வச்சுக்கிட்டே பொய் சொன்னார். இவர் இன்னும் எதை எதை மறைச்சிருக்காரோன்னு என் வீட்டுக்காரருக்கு சந்தேகம். பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா, முன்னாடி ஏதாவது ஏற்பாடு நின்னுபோச்சா? நீங்க மறைக்க மாட்டீங்கன்னு கேக்க வந்தேன்."

"ஒண்ணும் இல்லை. நல்ல பொண்ணு. கோவம் வந்தா மூணு நாள் பேச மாட்டா. இப்ப எங்கிட்ட பேசறதில்ல."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். காபி சாப்பிடுகிறேன் என்றார்.

மறுநாள் கொட்டிவாக்கத்திலிருந்து அண்ணனுக்குப் போன் போனது.

7

பிப்ரவரிக் கடைசியில் கல்யாணம். கோவிலில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை. அண்ணன் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எதிர்ச் சுவரிலிருந்த சொரூபத்தைப் பார்த்துக்கொண்டு போனார். ஷெரின் பேசினாள். கல்யாணத்துக்கு மறுநாளே வந்து, "அத்தை, எனக்கு கிஃப்ட்டா ரெண்டு சேர் குடுங்களேன்" என்று கேட்டாள்.

"தர மாட்டேன். ஆறையும் பிரிக்க மாட்டேன். இங்க வந்து உக்காரு, எத்தனை நாள் வேணும்னாலும் உக்காரு. எடுத்துக்கிட்டுப் போறேன்னு மட்டும் கேக்காத."

முறைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டு, "அப்ப விருந்து வைங்க" என்றாள்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு விருந்து. அதற்காக ஒரு மேசையும் வாங்கினேன். மாப்பிள்ளை, ஷெரின், செலின் டீச்சர், அவர் வீட்டுக்காரர். அண்ணனையும் அண்ணியையும் நானே போனில் அழைத்தேன். அண்ணன் கேட்டுவிட்டு, சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

பிரியாணியை இறக்கி வைத்த நேரத்தில் கீழே ஆட்டோச் சத்தம். எட்டிப் பார்த்தேன். லில்லி அண்ணி மட்டும் இறங்கினார். கையில் எவர்சில்வர் தூக்கு. அதில் மாங்காய் ஊறுகாய். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அவர் வரல" என்றார். "நான் வந்துட்டேன்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணி வழக்கப்படி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தார்.

"அண்ணி, கரண்டியை வைங்க. எல்லாம் மேசையிலேயே இருக்கு. அவங்கவங்க எடுத்துப்பாங்க. உக்காருங்க."

"சம்பந்தி முன்னாடியா?" என்று கிசுகிசுத்தார்.

செலின் டீச்சர் பக்கத்து நாற்காலியைக் காலால் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுத்தார். அண்ணி முதலில் நுனியில் உட்கார்ந்தார். அப்புறம் பின்னால் சாய்ந்தார். ஷெரின் தன் அம்மாவின் தட்டில் கறியை எடுத்து எடுத்து வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

கை கழுவப் போனபோது அண்ணியிடம் மெதுவாகக் கேட்டேன். "வீட்டுக்குப் போனா அண்ணன் ஏதாவது கேப்பாரே. என்ன சொல்லுவீங்க?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"என்னத்தச் சொல்றது? உக்காந்து சாப்ட்டேன்னு சொல்லுவேன்."